மெட்ஸ்கர் கேட்டில் நிற்கும்

லியோட்டாவின் அப்பா ஜோனஸ் மெட்ஸ்கர், பேரம் பேசுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று கடைசி வரைக்கும் நம்பிய மனிதர். இண்டியானாவின் மக்காச்சோள வயல்களுக்குக் குறுக்கே தண்டவாளம் போட மின்சார ரயில் கம்பெனிக்காரர்கள் நிலம் கேட்டு வந்த வருஷம், அக்கம்பக்கத்து விவசாயிகள் எல்லாம் கிடைத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். ஜோனஸ் மட்டும் பணமே வேண்டாம் என்றார். ஆப்பிள் தோட்டத்து ஓரத்தை இனாமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் ரத்தத்தில் ஒருவர் இந்த வீட்டில் குடியிருக்கும் வரைக்கும், எந்த வண்டியானாலும் சரி, கை காட்டினால் என் கேட்டில் நின்றுதான் போக வேண்டும் என்றார். கம்பெனிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டுச் சம்மதித்தார்கள். அப்போது ரோடு என்றால் சேறு, சவாரி என்றால் குதிரை. ஒரு நிமிஷம் நின்று போவதால் எந்தக் குடி முழுகிவிடும்?

கம்பெனியையே என் கேட்டில் கட்டிப்போட்டுவிட்டேன் என்று ஜோனஸ் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தக் கயிற்றின் மறுமுனை மகளின் காலில் கட்டியிருக்கிறது என்பது அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

மூத்தவன் ஒருவன் இருந்தான். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு மேற்கே கோதுமை நிலம் தேடிப் போனவன், போனவன்தான். அம்மா அதற்கும் முன்பே போய்விட்டாள். ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுச்சளி முற்றி ஜோனஸும் கண்ணை மூடியபோது, அந்த வீட்டில் மிஞ்சிய மெட்ஸ்கர் ரத்தம் லியோட்டா ஒருத்திதான். இருபத்திரண்டு வயது. கைவேலையில் படுகெட்டிக்காரி. நசுங்கிப்போன வைக்கோல் தொப்பியைக் கொடுத்தால் ஒரு முழம் ரிப்பனை வைத்து அதைக் கல்யாணத்துக்குப் போட்டுப் போகும்படி செய்துவிடுவாள். பள்ளித் தோழி கோரா ஃபோர்ட் வெய்ன் நகரத்தில் தொப்பிக் கடை போட்டிருந்தாள். ஜன்னலோரம் உனக்கென்று ஒரு நாற்காலி வைத்திருக்கிறேன், வந்துவிடு என்று கூப்பிட்டாள். லியோட்டாவுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று பெட்டி கட்டினாள்.

மறுநாள் காலையிலேயே பக்கத்துப் பண்ணை ஐடா ஸ்வைஹார்ட் வந்து நின்றாள், கையில் சர்க்கரைப் பாகில் ஊறப்போட்ட பீச் பழ ஜாடியோடு. அவளுக்குப் பின்னாலேயே மற்றப் பெண்களும் வந்தார்கள். சாயங்காலத்துக்குள் சமையல்கட்டு மேஜையில் கை வைக்க இடமில்லாமல் ஜாடிகள் நின்றன. துக்க வீட்டுக்குக் கொண்டுவருவது போலத்தான் கொண்டுவந்தார்கள். துக்கத்தைப் பற்றி மட்டும் ஒருத்தியும் பேசவில்லை.

"நீ போயிட்டா வண்டி நிக்காதே, கண்ணு," என்றாள் ஐடா. "எம் பொண்ணு ஹைஸ்கூலுக்கு எப்படிப் போவா? இந்த ஒரு வருஷம் மட்டும் இரு. அவ முடிச்சதும் உன் பெட்டிய நானே தூக்கிட்டு வந்து வண்டியில ஏத்தி விடறேன்."

அடுத்த நிறுத்தம் ஓடைக்கு அப்பால், சேற்றில் ஒரு மைலுக்கு மேல். மார்லோ ஊருக்குப் போகும் ஹைஸ்கூல் பிள்ளைகள், பால் கேன்கள், முட்டைக் கூடைகள், பல் பிடுங்கப் போகும் கிழவர்கள் என்று சுற்றுவட்டாரம் முழுக்க மெட்ஸ்கர் கேட்டில்தான் ஏறி இறங்கியது. ஒரு வருஷம்தானே என்று லியோட்டா பெட்டியை அவிழ்த்தாள். ஜாடியை வாங்கிய கையால் எப்படி மாட்டேன் என்று சொல்வது?

ஐடாவின் மகள் படிப்பை முடித்தாள். அதற்குள் எதிர்வீட்டுப் பையன் சேர்ந்திருந்தான். அவன் முடிக்கும்போது அவன் தங்கை. விவசாயக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கா பஞ்சம்? லியோட்டா பெட்டி கட்டும் ஒவ்வொரு தடவையும் ஜாடிகள் வந்தன. கோரா நாற்காலியில் வேறு ஒருத்தியை உட்கார வைத்தாள். அவள் போனதும் மறுபடி கூப்பிட்டாள். மறுபடி வேறு ஒருத்தியை உட்கார வைத்தாள்.

குடியிருப்பது என்றால் என்ன என்று எந்த வக்கீலையும் யாரும் கேட்கவில்லை. ஊரே கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டது: ராத்திரியில் அந்த வீட்டு விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான். அதனால் லியோட்டா எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டியிருந்தது. ஒன்றுவிட்ட தங்கையின் கல்யாணத்துக்குப் போனவள், விருந்துக்கு முன்னாலேயே கிளம்பி வந்தாள். அவள் வராத நாளில் கம்பெனிக்காரன் எட்டிப் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று ஊர் பயந்தது. ஊருக்குப் பயந்து அவள் பயந்தாள்.

குளிர்காலக் காலைகளில் வண்டிக்கு நிற்கும் பிள்ளைகள் அவள் சமையல்கட்டில்தான் நிற்பார்கள். நனைந்த கையுறைகள் அடுப்பைச் சுற்றி ஆவி விடும். பூட்ஸ் சேறு தரையெல்லாம். இருட்டும் நேரத்தில் வண்டிக்குக் கை காட்டினால் டிரைவருக்குத் தெரியாது. பழைய செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்தி ஆட்ட வேண்டும். அதற்கென்று முறுக்கிய காகிதக் கட்டை அவள்தான் வாசலில் வைத்திருப்பாள். தீர்ந்துவிட்டால் எங்கே காகிதம் என்று கேட்பார்கள். சம்பளம் இல்லாத ஸ்டேஷன் மாஸ்டர் உத்தியோகம். நன்றியாவது சொன்னார்களா என்றால், ஆரம்பத்தில் சொன்னார்கள்.

காலை வண்டியின் டிரைவர் ஃபெரிஸ் டால்பி நெட்டையான, நிதானமான ஆள். பண்ணைப் பெண்கள் நூல் கண்டு மாதிரியைக் கொடுத்தால் மார்லோ கடையில் அதே நிறம் பார்த்து வாங்கி வருவான். லியோட்டா தகரக் குவளையில் காப்பியை ஜன்னல் வழியாகக் கொடுப்பாள். திரும்பும் வண்டியில் குவளை கழுவி வரும். குவளையைக் கழுவித் தருகிற ஆண்பிள்ளையை அந்தப் பக்கத்தில் அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒருநாள் வண்டி நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க அவன் கேட்டுவிட்டான்.

"மிஸ் லியோட்டா, கேக்க வேண்டியத கேட்டுடறேன், வண்டி லேட்டாகுது. என்னைக் கட்டிக்கிறீங்களா?"

அவளுக்குக் கட்டிக்கொள்ள ஆசைதான். ஆனால் விடிவதற்கு முன்னால் முதல் வண்டியை எடுக்கிறவன் மார்லோவில், வண்டிக் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் வீடு வைத்திருக்க வேண்டும். அவள் மார்லோவுக்குப் போனால் இங்கே விளக்கு எரியாது. வசந்தம் வரைக்கும் பொறுங்கள் என்றாள். அவன் இரண்டு வசந்தம் பொறுத்தான். பிறகு மார்லோவில் ஒரு சலவைக்காரர் மகளைக் கட்டிக்கொண்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. லியோட்டா மறுநாளும் காப்பி கொடுத்தாள். குவளையும் கழுவித்தான் வந்தது. அன்றைக்கு அவள் கொல்லைப்புறத்தில் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டே அழுதாள்.

பிறகு மோட்டார் கார் வந்தது. ஸ்வைஹார்ட் வீட்டில்தான் முதலில் வாங்கினார்கள். ஐடா வெட்கப்பட்டுக்கொண்டே வந்து, எங்கள் வீட்டுக்காரருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது, நாங்கள் எப்போதும் வண்டியில்தான் போவோம் என்று சொன்னாள். அடுத்த மாதம் தேவாலயத்துக்குக் காரில் போனார்கள். வருஷம் திரும்புவதற்குள் ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு ஃபோர்டு நின்றது. ஆனாலும் பனி உருகும் காலத்தில் கார் சேற்றில் அச்சுவரை புதையும். அப்போது எல்லாரும் கேட்டுக்குத் திரும்பி வருவார்கள், லியோட்டா அடுப்பை மூட்டி வைத்திருப்பாள். பிறகு கவர்மெண்டு ரோட்டுக்குக் கான்கிரீட் போட்டது. சேறும் போயிற்று. பால் எடுக்க லாரி வந்தது. ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, அக்கரை போனால் நீ யாரோ நான் யாரோ. அப்போதும் வழியில் பார்த்தால் ஐடா மட்டும் சொல்வாள்: இருக்கட்டும் லியோட்டா, கார் ரிப்பேரானால் கைகாவலுக்கு வண்டி வேண்டுமே.

கைகாவல். லியோட்டாவுக்கு அப்போது வயது நாற்பது. பிள்ளைகள் வராத காலைகளிலும் கை தானாகப் போய் அடுப்பை மூட்டியது. காலியான வண்டிகள் கேட்டைத் தாண்டி ஓடின. சில நாள் யாரும் ஏறாவிட்டாலும் ஃபெரிஸ் வேகத்தைக் குறைத்து, அவள் கையைப் பார்த்துவிட்டுப் போனான். வீட்டுக்குள் சுவர்கள் நெருங்கி வருவது போல அவளுக்குச் சில சமயம் மூச்சு முட்டும். எழுந்து போய்க் கேட்டைத் திறப்பாள். திறந்து, வெளியே ஒன்றும் வேலை இல்லாததால் மறுபடி சாத்துவாள்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் கம்பெனியிலிருந்து புரூடன் என்ற அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான்; தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மேஜையோரம் உட்கார்ந்தார். பஸ்காரன் மார்லோவிலிருந்து ஃபோர்ட் வெய்னுக்கு எங்களைவிடச் சீக்கிரம் போய்விடுகிறான் என்றார். புது வண்டிகள் வாங்குகிறோம், பறக்கிற வண்டிகள். ஆனால் உங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்கு வாக்குக் கொடுத்த கேட்டு ஒவ்வொன்றிலும் நின்று நின்று போனால் பறந்து என்ன பிரயோஜனம் என்றார். மற்றவர்கள் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். பாக்கி நீங்கள்தான். மாதக் கடைசி சனிக்கிழமையோடு இந்தக் கேட்டை நிறுத்திக்கொள்ளச் சம்மதித்தால் கம்பெனி பிழைத்துக்கொள்ளும்.

நான் இத்தனை நாள் இங்கே இருந்ததால் உங்களுக்குத் தொந்தரவாகிவிட்டது போலிருக்கிறதே என்றாள் லியோட்டா. அவளையறியாமல் குரல் கொஞ்சம் பெருமையாகக்கூட வந்தது.

புரூடன் சிரித்தார். "அப்படியில்லீங்க, மிஸ் மெட்ஸ்கர். அந்தக் காலத்துல நீங்க போயிருந்தாலும் நாங்க இங்க நிறுத்தித்தான் இருப்போம். எவ்வளவு பால் கேன், எவ்வளவு பிள்ளைங்க. வர்ற வரும்படிய எவன் வேணாம்பான்? நீங்க இருக்கீங்களா இல்லையான்னு நாங்க பாத்ததே இல்லையே."

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். லியோட்டா அவருக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். குவளை நிறைந்து, தட்டும் நிறைந்து, மேஜை விரிப்பில் வழிந்த பிறகுதான் நிறுத்தினாள். துடைத்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

மறுநாள் வண்டி நின்றபோது ஃபெரிஸிடம் கேட்டாள், நான் கேட்டை விட்டுக்கொடுத்தால் கம்பெனி பிழைக்குமா என்று. அவனுக்கு இப்போது தலை நரைத்திருந்தது. வண்டியில் ஒரே ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"தும்ப விட்டுட்டு வாலப் பிடிக்கிறாங்க, மிஸ் லியோட்டா," என்றான். "வயல்ல நான் யாரையும் ஜெயிச்சுடுவேன். மார்லோவுல தண்டவாளம் கடைத்தெரு நடுவுலல்ல போகுது, அங்க என்ன பண்றது? தண்டவாளத்துக்கு நடுவுல செங்கல் பாவுறது நம்ம கம்பெனி செலவு, தெருவுல வண்டி விட சம்மதிச்சதுக்கு ஊருக்குக் குடுத்த வாக்கு. அந்த வழவழப்புல மோட்டார்காரன் சொகுசா நிக்கிறான். நான் பின்னால மணியடிச்சுட்டு நிக்கிறேன். அன்னிக்கே ஊரச் சுத்தித் தனிப் பாதை போட்டிருந்தா, சரக்கையும் சேத்து இழுத்திருந்தா, ஒருவேளை பொழைச்சிருக்கும். எல்லாருக்கும் எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிட்டு வந்தோமே."

எல்லாருக்கும் எல்லாத்துக்கும் சரி. அந்தப் பேச்சு கம்பெனியைப் பற்றியது என்று லியோட்டாவுக்குத் தெரியும். ஆனாலும் வண்டி போன பிறகு வெகுநேரம் கேட்டிலேயே நின்றாள்.

அந்த வாரமே கோரா டெலிபோனில் கூப்பிட்டாள். தையல்காரி கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள், நாற்காலி காலி, திங்கட்கிழமைக்குள் வருவதானால் வா, இதுதான் கடைசி, எனக்கும் வயதாகிறது என்றாள். அந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஒரே டெலிபோன் கம்பி. ஒரு வீட்டில் மணி அடித்தால் எல்லா வீட்டிலும் காதில் வைத்துக் கேட்பார்கள். அதை ஒட்டுக்கேட்பது என்று யாரும் நினைப்பதில்லை. சமையல் வாசனை பக்கத்து வீட்டுக்குப் போவதைப் போலத்தான். கம்பியில் எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று லியோட்டாவுக்குக் கேட்டது. அவளுக்கும் அது வசதியாகவே இருந்தது.

வருகிறேன் கோரா, சனிக்கிழமை வண்டியில் கிளம்பி வருகிறேன் என்று உரக்கச் சொன்னாள். கேட்டையும் விட்டுக்கொடுக்கப் போகிறேன், இனிமேல் இங்கே வண்டி நிற்காது.

கோரா வைத்துவிட்டாள். லியோட்டா வைக்கவில்லை. காத்திருந்தாள். ஒவ்வொரு வீடாக டொக், டொக்கென்று வைக்கும் சத்தம். கடைசியில் ஒரு மூச்சு மட்டும் மிஞ்சியது.

"நல்லதுதான், லியோட்டா," என்றாள் ஐடா. "ஆனா எனக்கு ஆச்சரியமா இருக்கு. உனக்கு அந்த வீட்ட விட்டு வரப் பிடிக்கலைன்னுல்ல நாங்க எல்லாரும் நெனச்சிட்டிருந்தோம்."

லியோட்டா டெலிபோனை மாட்டி வைத்தாள். அன்று மத்தியானம் சமையல்கட்டு மேஜையைத் துடைத்து, மேலே இருந்ததையெல்லாம் எடுத்து இடம் பண்ணி வைத்தாள். பழக்கதோஷம். ஜாடிகள் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தால் என்ன செய்வோம் என்று பயந்தும் இருந்தாள், ஏனென்றால் இந்தத் தடவையும் பெட்டியை அவிழ்த்துவிடுவோமோ என்று அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம். பொழுது சாய்ந்தது. பக்கத்து ரோட்டில் கார்கள் போயின, வந்தன. ஒன்றும் கேட்டில் நிற்கவில்லை. ஒருத்தியும் ஒரு ஜாடி கொண்டுவரவில்லை.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. பதினெட்டு வருஷத்துக் கோபம். பீரோவுக்கு மேலிருந்த காலி ஜாடிகளை இறக்கி, வெந்நீரில் கழுவி, எது யாருடையது என்று மூடியைப் பார்த்துப் பிரித்து வாசற்படியில் வரிசையாக வைத்தாள். உடைக்கத்தான் நினைத்தாள். உடைக்க மனம் வரவில்லை, கழுவத்தான் கை போயிற்று. அதற்காகவும் தன்மேல் கோபம் வந்தது.

சனிக்கிழமை மத்தியான வண்டி ஃபெரிஸுடையது. லியோட்டா பெட்டியைத் தானே கேட்டு வரைக்கும் இழுத்து வந்தாள். தன் கையால் முடித்த நீலத் தொப்பி தலையில். தூரத்தில் தண்டவாளத்துக்கு மேலே ஓடும் மின்கம்பியின் சிணுங்கல் கேட்டதும் கையைத் தூக்கினாள். ஊருக்காக எத்தனையோ தடவை தூக்கிய கைதான், அன்றைக்குத் தனக்காகத் தூக்கினாள். வண்டி நின்றது. ஃபெரிஸ் இறங்கி வந்து பெட்டியைத் தூக்கி வைத்தான். அவள் காப்பிக் குவளையை அவனிடம் கொடுத்து, இதை இனிமேல் திருப்பித் தர வேண்டியதில்லை என்றாள்.

வயல்வெளியில் அவன் வண்டியை விட்ட வேகத்தை அவள் அதுவரை அறிந்ததே இல்லை. அறுத்த சோளத் தட்டைகள் ஜன்னலில் கோடுகளாக ஓடின. பக்கத்துக் கான்கிரீட் ரோட்டில் போன கார்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்கின. சிரிக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு, சிரித்தாள். இப்படி ஒரு வண்டி எப்படிச் சாகும் என்று நினைத்தாள்.

மார்லோ கடைத்தெருவில் நுழைந்ததும் வண்டி ஊர்ந்தது. சனிக்கிழமைக் கூட்டம். பிறகு நின்றே விட்டது. முன்னால் ஒரு ஃபோர்டு, இரண்டு சக்கரம் தண்டவாளத்தின் மேல் இருக்க, மளிகைக் கடை வாசலில் நின்றது. ஃபெரிஸ் காலால் மணியை மிதித்தான். மறுபடி மிதித்தான். ஃபோர்ட் வெய்ன் வண்டி ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் அதோ, இரண்டு தெரு தள்ளி. அதைத் தவறவிட்டால் அடுத்தது இருட்டின பிறகுதான். லியோட்டாவுக்குப் பழைய மூச்சுமுட்டல் வந்தது. ஜன்னலைத் தூக்கித் தலையை நீட்டினாள். காரில் உட்கார்ந்திருந்தது ஐடா.

ஐடாவும் பார்த்துவிட்டாள். மலர்ந்த முகத்தோடு கையை ஆட்டினாள்.

"அடி லியோட்டா, அதுல ஏன் உக்காந்திருக்க? இப்படி வந்து ஏறு. அவர் மாவு மூட்டை வாங்கிட்டு வந்துருவார். இன்னும் ரெண்டு கடை போகணும், அப்புறம் ஸ்டேஷன்ல விடறோம். நேரமாயிட்டா கவலப்படாத, திரும்ப வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறோம்."

அவள் மனசில் கள்ளமில்லை. அதுதான் வேதனை. லியோட்டா ஃபெரிஸைப் பார்த்தாள். அவன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்திருந்தான்.

"என்னால ஒதுங்கிப் போக முடியாது, மிஸ் லியோட்டா," என்றான். "உங்களால முடியும். பெட்டிய நான் அடுத்த வண்டியில அனுப்பிடறேன்."

அவள் எழுந்தாள். படியில் இறங்கி, கம்பெனி செலவில் பாவிய செங்கல் மேல் கால் வைத்தாள். ஐடா கதவைத் திறந்து இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். லியோட்டா அவளுக்கு மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, காரைச் சுற்றிக்கொண்டு நடைபாதையில் ஏறி நடந்தாள். முதலில் நடந்தாள், பிறகு நாற்பது வயதை மறந்து, தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

தெரு முனையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஃபெரிஸ் மணியடித்துக்கொண்டிருந்தான், ஐடாவின் வீட்டுக்காரர் மாவு மூட்டையை நிதானமாகக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். யாரும் கை காட்டாமலே வண்டி நின்றுகொண்டிருந்தது.